மடிக்கும் போன் திரைக்கு மேல்மூடி: ஓர் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஆரம்பியுங்கள்

போன மாதம் இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார்கள். மடிக்கும் போனின் திரைக்கு மேலே வருகிற மெல்லிய மூடியைப் பற்றி ஆய்வுத்திட்டம் செய்யப் போகிறார்களாம். பிளேன்டீ குடித்து முடிக்கவில்லை, பெரியவன் கேட்டான்: "அண்ணா, இருக்கிறதிலேயே ஆகக் கடினமான பொருள் எது? அதையே போட்டுவிட்டால் கீறலும் விழாது, வேலையும் முடிந்தது தானே?"

நான் பதில் சொல்லாமல் மேசையில் கிடந்த 120 பக்க அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, வளைத்துப் பார் என்றேன். சுலபமாக வளைந்தது. வளைத்தபடியே வெளி ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, நேராக இருந்த ஓரம் சரிவாகி நின்றது. அப்புறம் திறந்திருந்த மூன்று ஓரங்களையும் பெரிய கிளிப்புகளால் இறுக்கிவிட்டு, இப்போது வளை என்றேன். முக்கினான், முடியவில்லை. தாளும் அதே தாள், எண்ணிக்கையும் அதே. சறுக்க இடம் கொடுத்தால் வளைகிறது, கொடுக்காவிட்டால் பலகையாகி நிற்கிறது.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் முதலில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்றுதான் சண்டை பிடிப்பார்கள். நான் பிஸ்கட் பக்கற், மசாலாப் பக்கற் போன்றவற்றுக்கான பிலிம்களை ஒன்றோடொன்று ஒட்டுகிற ஆலையில் ஒன்பது வருடம் நின்றவன், அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பசைதான். கீழே இருப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதியது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்திருந்தால் போதும். தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்ற மூன்று சொல்லும் மறந்திருந்தால் பழைய கொப்பியை ஒரு தடவை தூசி தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பக்கம் மடிகிறது என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தீர்மானிக்காமல் பொருள் தேடப் போகக் கூடாது. திரை உள்ளே போகிற மாதிரி, புத்தகம் மூடுவதுபோல மடித்தால், விரல் படுகிற மேற்பரப்பு நசுங்குகிறது, மூடியின் அடிப்பக்கம் இழுபடுகிறது. வெளியே மடித்தால் தலைகீழ்: விரல் படும் மேற்பரப்புத்தான் இழுபடும். கண்ணாடியும் கடினப் பூச்சும் நசுக்கலை நன்றாகத் தாங்கும், இழுவையில்தான் வெடிக்கும். ஆகவே உள்மடிப்பில் பிழைக்கிற ஒரு பூச்சு வெளிமடிப்பில் முதல் நாளே கோடு கோடாக வெடிக்கலாம். உள்மடிப்பில் கண்ணாடி போடுகிறவர் பயப்பட வேண்டியது எல்லோரும் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற மேல்பக்கத்துக்கு இல்லை, பசை ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்துக்கு. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள், நானும் முதலில் தவறவிட்டேன்.

கூடவே இரண்டு எண்கள் குறித்துக்கொள்ளுங்கள். மடிப்பின் ஆரை எவ்வளவு, எத்தனை தடவை மடிய வேண்டும். பழகுவதற்கு 1.5 மில்லிமீற்றர் ஆரையும் 200,000 மடிப்பும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடினால் 200,000 என்பது 2,000 நாள், அதாவது ஐந்தரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இதைவிடக் கூடுதலாகப் போனை நோண்டுகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள், அது வேறு கதை.

கணக்கு ஒரே ஒரு வரி

ஒரு தனித் தகட்டை வளைத்தால் அதன் மேற்பரப்பில் வரும் விகாரம் = தடிப்பு ÷ (2 × ஆரை). அவ்வளவுதான். நடுவில் இழுபடாமலும் நசுங்காமலும் ஒரு தளம் இருக்கும், அதற்கு நடுநிலைத் தளம் என்று பெயர். அதிலிருந்து தூரம் கூடக் கூட விகாரம் கூடும்.

இப்போது எண்ணைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியின் யங்கின் மட்டு ஏறத்தாழ 70 கிகா பஸ்கால். தடிப்பு 100 மைக்ரோன், அதாவது ஓர் ஏ4 தாளின் தடிப்பு. ஆரை 1.5 மில்லிமீற்றர். விகாரம் 3.3 சதவீதம், அதை யங்கின் மட்டால் பெருக்கினால் தகைப்பு 2,300 மெகா பஸ்கால். அதே கண்ணாடியை 30 மைக்ரோனாக, தலைமுடியின் பாதித் தடிப்புக்கும் கீழே கொண்டுவந்தால் விகாரம் 1 சதவீதம், தகைப்பு 700 மெகா பஸ்கால். பொருள் மாறவே இல்லை, மெலிந்தது மட்டும்தான். கண்ணாடி வளையாது என்று சின்ன வயதிலிருந்து நம்பியிருக்கிறோம். மெல்லிய கண்ணாடி வளையும், நாம் பார்த்த யன்னல் கண்ணாடி தடித்தது என்பதால் வளையவில்லை.

ஆனால் 700 என்பதும் சும்மா எண் இல்லை. கண்ணாடி எப்போதும் ஏற்கெனவே இருக்கிற ஒரு குறையிலிருந்துதான் உடையும் என்று 1921இல் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் காட்டினார். அந்தக் கணக்கை 700 மெகா பஸ்காலுக்குப் போட்டால், ஓரத்தில் மூன்றில் ஒரு மைக்ரோன் ஆழத்துக்கு ஒரு கீறல் இருந்தாலே போதும், வெறும் கண்ணாடி போய்விடும். அது நுணுக்குக்காட்டியிலேயே கண்ணுக்குச் சரியாகத் தட்டுப்படாத அளவு. இதனால்தான் மெல்லிய கண்ணாடியில் வெட்டுகிற வேலையும் ஓரத்தை மெருகேற்றுகிற வேலையும் பொருளைவிட முக்கியமாகிவிடுகின்றன. அதோடு கண்ணாடியைச் சுமார் 400 பாகை செல்சியசில் உருகிய பொட்டாசியம் நைத்திரேற்றில் முக்கி வைப்பார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் சின்னச் சோடியம் அயன் வெளியே வர, பெரிய பொட்டாசியம் அயன் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார, மேற்பரப்பு எப்போதும் நசுங்கிய நிலையிலேயே இருக்கும். வளைக்கும்போது வருகிற இழுவை முதலில் அந்த நசுக்கலைத் தின்று தீர்த்த பிறகுதான் கீறலைத் தொட முடியும். (இதை வீட்டுக் குசினியில் செய்து பார்க்கலாமா என்று சின்னவன் கேட்டான். கூடாது. 400 பாகையில் உருகி நிற்கும் ஒட்சியேற்றி அது. ஆய்வுகூடத்தில், பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க மட்டும்.)

கையில் தொட்டுப் பழகுங்கள்

கடதாசிக் கணக்கோடு நின்றால் ஒன்றும் வராது. அரை நாள் ஒதுக்கி, நான்கு பொருள் வாங்கி வாருங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலக்ட்ரோனிக் சாமான் கடைகளில் மஞ்சள் நிற கப்டன் டேப் கேளுங்கள். அது பொலிஇமைட். 300 பாகைக்கு மேலும் அசையாத பிளாஸ்டிக், ஆயிரக்கணக்கில் மடித்தாலும் கோபப்படாது. ஆனால் மஞ்சள். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் இலத்திரனைக் கொடுக்கிற பகுதியும் வாங்குகிற பகுதியும் அடுத்தடுத்து நெருங்கி நிற்பதால் நீல ஒளியை அது விழுங்கிவிடுகிறது. சங்கிலியில் புளோரின் சேர்ந்த பருமனான கூட்டங்களைச் செருகி அந்த நெருக்கத்தைக் குலைத்தால் நிறம் போய்விடும். அதுதான் நிறமற்ற பொலிஇமைட், இந்தத் துறையில் சுருக்கமாக சிபிஐ என்பார்கள், படத்தில் வருகிற துப்பறிகிறவர்கள் இல்லை. 2019இல் வந்த சாம்சங்கின் மடிக்கும் போன், முதலாவது கேலக்சி ஃபோல்டின் மூடி இந்த வகை. அந்த வருடம் ஏப்ரலில் விமர்சனத்துக்குக் கொடுத்த போன்களில் சிலர் மேற்படலத்தைக் கடையில் ஒட்டிக் கொடுக்கிற ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட, திரை செத்து, விற்பனையே செப்டம்பர் வரை தள்ளிப் போனது. படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் செருகி மறைக்க வேண்டும் என்ற பாடத்தை எல்லோரும் அதில்தான் படித்தார்கள்.

இரண்டாவது, போன் கடைகளில் மெஷினில் வெட்டி ஒட்டுகிற ஹைட்ரோஜெல் படலம். பெயர்தான் அப்படி, உண்மையில் அது மென்மையான பொலியூரித்தேன். நகத்தால் கீறிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், தடம் மெதுவாக மறையும். ரப்பர் மாதிரி இழுபடுவதால் மடிப்பு அதற்கு விளையாட்டு. ஆனால் பேனாவால் குத்தினால் கீழே இருப்பதைக் காப்பாற்றாது, மலிவான வகை வெயிலில் மஞ்சளாகும்.

மூன்றாவது பழைய ஓஎச்பி ஷீட், முன்பு வகுப்பில் எழுதி விளக்கொளியில் சுவரில் காட்டிய ஒளிபுகும் தாள். பொலியெஸ்டர், பெரும்பாலும் 100 மைக்ரோன். நான்காவது, நுணுக்குக்காட்டிக்குப் பயன்படும் மூடிக் கண்ணாடி, 0.15 மில்லிமீற்றர் அளவு. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு வெளிச்சம் புகும் டப்பாவுக்குள் வைத்து இரண்டு பலகைகளுக்கு நடுவில் மெதுவாக வளையுங்கள். வெறும் கண்ணாடி 100 மெகா பஸ்காலில் உடைகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆரையைக் காட்டும். நீங்கள் பத்துத் துண்டு வளைத்தால் பத்தும் பத்து இடத்தில் உடையும், சில கணக்கைத் தாண்டியும் நன்றாக வளையும். இந்தச் சிதறலைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு ஒரே பலம் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் மோசமான கீறலின் பலம்தான் உண்டு. ஆகவே ஒரு துண்டைச் சோதித்துவிட்டு முடிவு எழுதுகிறவரை நம்பாதீர்கள்.

தடிப்பு அளக்கப் பள்ளிக்கூடத்துத் திருகுக் கணிச்சி போதும், ஆனால் அதன் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர், 30 மைக்ரோன் என்பது அதில் மூன்றே மூன்று கோடு. பிளாஸ்டிக் படலத்தைப் பத்துத் துண்டாக வெட்டி அடுக்கி அளந்து பத்தால் பிரியுங்கள்.

பசை

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

கடைக்காரர்கள் ஓசிஏ என்று சொல்கிற ஒளிபுகும் பசைத்தாள் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருக்கிறது. மேலே கடினப் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் படலம், கீழே பசை, அதன் கீழே மெல்லிய கண்ணாடி, மறுபடி பசை, அதற்கும் கீழே திரை. கொப்பியில் தாள்களுக்கு நடுவில் நடந்த சறுக்கலை இங்கே இந்தப் பசை செய்ய வேண்டும். பசை மென்மையாக இருந்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி நடுநிலைத் தளம். 30 மைக்ரோன் கண்ணாடி 30 மைக்ரோனாகவே நடந்துகொள்ளும். பசை விறைப்பாக இருந்தால், கிளிப் போட்ட கொப்பிதான். மொத்த அடுக்கும் ஒரே தகடாகி, மேலே போட்ட கணக்கில் தடிப்பு என்ற இடத்தில் 30 போய் 200 வந்து உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு சறுக்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். இரண்டு அடுக்குகளின் நடுநிலைத் தளங்களுக்கு இடையில் 0.1 மில்லிமீற்றர் என்று வையுங்கள். முழுதாக மடித்தால் மடிப்பின் ஒவ்வொரு பக்கமும் 90 பாகை திரும்புகிறது, ஆகவே சறுக்கல் 0.1ஐ 1.57ஆல் பெருக்கினால் வருகிறது, 157 மைக்ரோன். பசையின் தடிப்பு 50 மைக்ரோன் என்றால் அது தன் தடிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் பக்கவாட்டில் சரிய வேண்டும், 300 சதவீதத்துக்கும் மேல். பிறகு விரித்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வர வேண்டும். 200,000 தடவை. குமிழி வராமல், ஓரத்தில் பிதுங்காமல்.

ஆலையில் நாங்கள் பசை வாங்கும்போது ஒட்டுகிற பலத்தை மட்டும் பார்ப்போம், உரித்துப் பார்த்து எவ்வளவு விசை என்று எழுதுவோம். இங்கே அது பாதிக் கதை. நன்றாக ஒட்டுகிற, ஆனால் விறைத்த பசையைப் போட்டு நான் செய்த முதல் மாதிரி நூறு மடிப்புக்குள் நடுவில் வெள்ளைக் கோடாக நுரைத்தது. அதற்காக மிக மென்மையான பசைக்கு ஓடவும் கூடாது. மென்மை கூடினால் அது பாகு மாதிரி மெதுவாக ஓடும். இரவு முழுக்க மடித்து வைத்த போனைக் காலையில் திறந்தால் நடுவில் தெரியும் அந்த வாய்க்கால், பிளாஸ்டிக்கும் பசையும் இரவு முழுக்க மெதுவாக இடம் மாறியதன் அடையாளம். இன்னொரு தொல்லை, அடியில் பசை மென்மையானால் மேலே பேனா நுனி குத்தும்போது கண்ணாடிக்கு முண்டுகொடுக்க ஆள் இல்லை, குழிந்து உடையும். மடிப்புக்கு மென்மை வேண்டும், குத்துக்கு விறைப்பு வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் மடிப்பு மெதுவானது, குத்து சட்டென்று நடப்பது. மெதுவாக இழுத்தால் இளகி, சட்டென்று இடித்தால் விறைக்கும் பொலிமர்கள் உண்டு. பசையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு வேகத்தில் அளந்த மென்மை எண்ணைப் பார்த்து மயங்காமல், வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் அது எப்படி மாறுகிறது என்ற வரைபைக் கேளுங்கள். தராத விற்பனையாளரை விட்டு அடுத்தவரிடம் போங்கள்.

கையிருப்பில் பணம் இல்லாத பிள்ளைகளுக்கு: ஒரே படலத்தை, ஒரே பசையின் 25 மைக்ரோன் தாளாலும் 50 மைக்ரோன் தாளாலும் ஒட்டி, இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். இந்த ஒரு ஒப்பீடே ஒரு நல்ல அத்தியாயம்.

மேற்பூச்சு

சுருக்கமாக. பிளாஸ்டிக்கின் மேல் சில மைக்ரோன் தடிப்பில் சிலொக்சேன் வகைப் பூச்சோ, சிலிக்கா நுண்துகள் கலந்து புற ஊதா ஒளியில் இறுக்கிய அக்ரிலேற்றோ போடுவார்கள். பூச்சைக் கடினமாக்க ஆக்க அது வெடிக்கிற விகாரம் குறையும். முன்னால் போட்ட கணக்கை எடுத்து, பூச்சு இருக்கும் இடத்தில் எவ்வளவு விகாரம் வருகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே வெடிக்கிற பூச்சுகளை எல்லாம் முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி இருப்பதில் கடினமானதைப் பிடியுங்கள். பெரியவன் கேட்ட கேள்விக்கு இங்கேதான் இடம் உண்டு, முதல் அடியில் இல்லை.

2020 பெப்ரவரியில் கேலக்சி இசட் ஃபிளிப் 30 மைக்ரோன் கண்ணாடியோடு வந்தபோது, யூடியூப்பில் கீறிப் பார்த்தவர்கள் இது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் கீறுகிற மாதிரியே கீறுகிறது என்று கத்தினார்கள். கண்ணாடி இருந்தது, அதற்கு மேல் பிளாஸ்டிக் படலமும் இருந்தது, அவர்கள் கீறியது படலத்தை. அந்தப் படலம் இல்லாவிட்டால் குத்தையும் உடைந்தால் சிதறுகிற சில்லையும் தடுக்க ஆள் இல்லை.

மடிக்கிற மெஷின் நீங்களே செய்யலாம்

என்னுடைய முதல் மெஷின் இரண்டு பலகை, நடுவில் கதவுப் பிணைச்சல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாதிரிகள் எல்லாம் ஆயிரம் மடிப்புக்குள் கிழிந்தன, அதுவும் மடிப்பில் இல்லை, பலகையில் ஒட்டிய ஓரத்தில். ஒரு வாரம் பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, பிணைச்சலின் அச்சு படலத்தின் தளத்தில் இல்லை, ஆகவே ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் படலத்தை நான் பிடித்து இழுக்கிறேன். மடிப்பைச் சோதிக்கிறேன் என்று நினைத்து இழுவையைச் சோதித்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். இரண்டு தட்டையான அலுமினியத் தட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று, நடுவில் சரியாக 3 மில்லிமீற்றர் இடைவெளி. மாதிரியை யு வடிவில் மடித்து ஒரு முனையைக் கீழ்த்தட்டிலும் மறுமுனையை மேல்தட்டிலும் ஒட்டுங்கள். இடைவெளி 3 என்றால் ஆரை 1.5. கீழ்த்தட்டு அசையாது. மேல்தட்டை லாச்சி ரெயிலில் பூட்டி முன்னும் பின்னும் ஓடவிட்டால் மடிப்பு படலத்தின் மேல் உருண்டு உருண்டு போய்வரும். அச்சுப் பிரச்சினையே கிடையாது. ரெயில் ஆமர் வீதி இரும்புக் கடைகளில் கிடைக்கும், ஆட்டம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஆட்டம் இருந்தால் இடைவெளி 3 என்று நீங்கள் எழுதியது பொய்.

ஓட்டுவதற்குப் பஞ்சிகாவத்தையில் பழைய கார் வைப்பர் மோட்டர் ஒன்று. மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்றுப் போல வரும், முறுக்குவிசைக்குக் குறைவில்லை. ஒரு சுற்றுக்கு மடிப்பு போய்த் திரும்புவதால் நடுப்பகுதி இரண்டு தடவை மடிகிறது, நிமிடத்துக்கு 90. அப்படியானால் 200,000 மடிப்புக்கு 37 மணித்தியாலம். ஒரேயடியாக ஓட்டாதீர்கள், அந்த மோட்டர் மழைக்கு ஓடப் பிறந்தது, நாள் முழுக்க ஓட இல்லை, தொட்டுப் பார்த்துச் சுட்டால் நிறுத்துங்கள். மின்சாரம் 12 வோல்ட், பழைய கம்பியூட்டர் பவர் சப்ளை போதும்.

எண்ணுவதற்கு நான் முதலில் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையில் நிரல் எழுதிப் போட்டேன். இரவு கரண்ட் போய் வந்ததும் எண் பூச்சியத்தில் நின்றது. இப்போது மலிவான பொக்கற் கல்குலேற்றர் ஒன்றைத் திறந்து, சமன் பொத்தானின் இரண்டு முனைக்கும் ஒரு காந்த ஆளியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுற்றுகிற கையில் ஒரு காந்தத் துண்டு. ஒன்று, கூட்டல், சமன் என்று ஒரு தடவை அழுத்திவிட்டால் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும். (எல்லாக் கல்குலேற்றரும் இப்படிக் கூட்டாது, கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.) அது தன் பற்றரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் எண் அப்படியே இருக்கும். சத்தத்துக்கு அம்மா திட்டுவதற்கு மட்டும் வழி கண்டுபிடிக்கவில்லை; அடியில் பழைய றப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறேன்.

முடிந்த மாதிரியை மட்டும் பார்ப்பது போதாது. 1,000, 5,000, 20,000 என்று நிறுத்தி எடுத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வெடிப்பு சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும்.

கொழும்புக் காற்றை மறக்காதீர்கள்

பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் ஏசி ஓடும். நம் போன்கள் ஏசியில் வாழ்வதில்லை. இந்த ஊரில் சாரீரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றித்தான், கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். பொலிஇமைட் நீரை உறிஞ்சும், பசை உறிஞ்சும், ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். கண்ணாடிக்கும் இது கெட்ட காற்றுத்தான்: இழுபட்டு நிற்கும் கீறலின் நுனியில் நீர்மூலக்கூறு புகுந்து சிலிக்கனும் ஒட்சிசனும் பிடித்திருக்கும் கையை வெட்டிவிடும், கீறல் மெதுவாக வளரும். அதனால் மடிக்கும்போது தாங்கிய கண்ணாடி, மடித்து வைத்தபடியே இரண்டு நாள் கழித்து யாரும் தொடாமல் உடையலாம். ஆகவே ஓட்டுகிற சோதனையோடு, மடித்தபடி கட்டி யன்னலோரம் ஒரு வாரம் விடுகிற சோதனையும் செய்யுங்கள். தொழிற்சாலைகளில் 60 பாகை, 90 சதவீத ஈரப்பதனில் நாட்கணக்கில் வைப்பார்கள். நமக்கு மூடி போட்ட டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் உப்பை நீர் விட்டுச் சேறு மாதிரி கரைத்து வைத்தால் உள்ளே 75 சதவீதம் அசையாமல் நிற்கும், அது போதும் ஆரம்பத்துக்கு.

குளிர் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கனடாவில் இருக்கிற சித்தி தை மாதம் ஸ்கார்பரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைத் திறப்பார். குளிரில் பசை கண்ணாடி மாதிரி விறைத்து, கொப்பிக்குக் கிளிப் போட்ட கதை மறுபடி நடக்கும். வீட்டு பிரிட்ஜின் மேல்பெட்டி ஏறத்தாழ −18 பாகை. மாதிரியை இரவு அதற்குள் வைத்துவிட்டு, எடுத்த கையோடு, சூடேறுவதற்குள் மடியுங்கள். மீன் வாசம் வரும், பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

கீறல், நிறம், மீதிச் சில்லறைகள்

பென்சில் சோதனைக்கு 6பி முதல் 9எச் வரை ஒரு பெட்டி வாங்குங்கள். மரத்தை மட்டும் செதுக்கி, கரியை 400 இலக்க மண்கடதாசியில் செங்குத்தாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். 45 பாகைச் சாய்வு, 750 கிராம் பாரம், 7 மில்லிமீற்றருக்குக் குறையாமல் தள்ளுங்கள். கீறாத ஆகக் கடினமான பென்சில்தான் உங்கள் எண். முக்கியமான ஒன்று, படலத்தைத் தனியாகத் தடித்த கண்ணாடியில் வைத்துச் சோதித்து 4எச் என்று பெருமைப்படாதீர்கள். உண்மையான அடுக்கில், அடியில் மென்மையான பசையோடு சோதித்தால் அது இரண்டு மூன்று படி இறங்கும், ஏனென்றால் படலம் கீறுவதற்கு முன்னே குழிந்துவிடும். விளம்பரத்தில் வருகிற எண் எந்த அடுக்கில் எடுத்தது என்று எப்போதும் கேளுங்கள்.

உராய்வுக்கு நாலு பூச்சிய உருக்குக் கம்பளி. மொறட்டுவையில் தளபாடத்துக்குப் பொலிஷ் அடிக்கிறவர்களிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். அதோடு கொஞ்சம் கடற்கரை மணலும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7, கண்ணாடியே 5.5 போலத்தான், காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை தின்றுவிட்டு மணல் பட்ட விரலோடு போனை மடிக்கிறவரைத் தாங்குகிற மேற்பூச்சு இன்னும் பிறக்கவில்லை என்பது என் எண்ணம்.

நிறத்தைப் பார்க்க லப்டொப்பில் வெள்ளைத் திரை வைத்து அதன் மேல் படலத்தைப் பிடித்து, போலரொயிட் வெயில் கண்ணாடி போட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஓஎச்பி ஷீட்டில் வானவில் ஓடும். அது அழகாக இருக்கிறது என்று சின்னவன் சொன்னான். வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு காலி வீதியில் வரைபடம் பார்த்து ஓட்டுகிறவருக்கு அழகாக இருக்காது. பொலியெஸ்டரை மூடியாக எடுக்கும்போது இதற்கென்றே தயாரித்த வகையைத் தேட வேண்டும்.

உடைந்ததைக் குப்பையில் போடாதீர்கள்

வெடிப்பு மடிப்புக்குச் சமாந்தரமாக நேர்கோடாக இருந்தால் விகாரம் கூடிவிட்டது. மெலிதாக்குங்கள் அல்லது பூச்சை மாற்றுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே ஓடினால் வெட்டின குற்றம், பொருளில் கை வைக்காதீர்கள், கத்தியை மாற்றுங்கள். வெடிப்பே இல்லாமல் வெள்ளை மேகம் என்றால் பசை. புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிந்தால் ஏதோ குத்தியிருக்கிறது, பெரும்பாலும் ஒட்டும்போது அடியில் அகப்பட்ட தூசி. என் வீட்டு அறையில் ஒட்டிய மாதிரிகளில் பாதி இந்தக் கடைசி வகையில்தான் போனது. இப்போது குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு, தூசி அடங்கிய பிறகு அங்கேயே வைத்து ஒட்டுகிறேன், போன் கடைக்காரர் ஒருவர் சொல்லித் தந்தது. ஒட்டிய பிறகு ஓரத்தை ஈரம் போகக் காயவிட வேண்டும், அதை மறந்தால் முன்னால் சொன்ன உரிதல் வரும்.

பிள்ளைகளின் 50 மைக்ரோன் பசை மாதிரி 61,000 சுற்றில், அதாவது 122,000 மடிப்பில், ஓரத்தில் ஓர் அரிசி அளவு வெள்ளை மேகத்தோடு நின்றது. 25 மைக்ரோன் மாதிரி அதற்கு வெகு முன்னே போய்விட்டது, கணக்குச் சொன்ன பக்கம்தான். அடுத்ததாக மேகம் வந்த அதே ஓரத்தைப் புதுக் கத்தியால் வெட்டி இன்னொன்று ஓடவிட்டிருக்கிறார்கள், இப்போது கல்குலேற்றரில் 18,000 சொச்சம்.